கை மாறிய காரை முதலில் முற்றத்தில் வைத்துப் படியுங்கள்

பாவித்த கார் ஒன்றை விற்பவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடுவார். ஏசி குளிர்கிறது, ரிவர்ஸ் கமெரா வேலை செய்கிறது, பாட்டு கேட்கிறது. அதற்குப் பிறகு திறப்பு உங்கள் கையில். மிச்சத்தையெல்லாம் நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை, தெருவுக்கு ஒரு கராஜ் இருக்கிறது. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ இருப்பவருக்கு அப்படியில்லை. இரவு எட்டு மணிக்கு மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் கார் நின்றால், அந்தக் காரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் உதவி.

வன்னியில் ஓடும் பாவித்த கார்களில் பெரும்பங்கு ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டவை. டொயோட்டா அக்குவா, விட்ஸ், அக்சியோ, சுசுகி வெகன் ஆர், ஹொண்டா ஃபிட் எல்லாம் அந்த வகை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. ஆகவே சந்தையில் நிற்கும் பல கார்கள் இங்கேயே ஒன்றுக்கு மேற்பட்ட கைகளில் இருந்தவை. இவற்றின் எழுத்து ஜப்பான் மொழி. இவற்றைச் செய்தவர்கள் மனதில் வைத்தது தார் வீதியையும் மென்மையான தண்ணீரையும் வருடத்தில் பாதி குளிரையும். எங்களிடம் இருப்பது கிரவல் புழுதி, கல்சியம் மண்டிய கிணற்றுத் தண்ணீர், பங்குனி சித்திரை வெயில். காரின் ஒவ்வொரு வசதியையும் இந்த மூன்றுக்கும் முன்னால் வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு பின்னேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். காரை மர நிழலில் நிறுத்தி, டாஷ்போட் பெட்டியில் இருக்கும் ஜப்பான் மொழிப் புத்தகத்தை எடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியின் கமெராவைப் பக்கத்தின் மேல் பிடித்தால் தமிழிலேயே ஓரளவு விளங்கும், ஆங்கிலத்தில் இன்னும் தெளிவாக இருக்கும். புத்தகம் இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பெயரில் தேடுங்கள். அக்குவா அமெரிக்காவில் பிரியஸ் சி, பழைய விட்ஸ் மற்ற நாடுகளில் யாரிஸ், ஃபிட் ஜாஸ். இவற்றின் ஆங்கிலக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பெரும்பாலும் பொருந்தும். வெகன் ஆருக்கு மட்டும் இந்த வழி சரிவராது. இந்தியாவின் வெகன் ஆர் வேறு எஞ்சின் கொண்ட வேறு கார். அதன் கையேட்டையோ பாகங்களையோ ஜப்பான் வெகன் ஆருக்கு நம்ப வேண்டாம்.

விற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டிய சில சிறு சாமான்கள் உண்டு. பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. இரண்டாவது திறப்பு, இழுவைக் கொக்கி, ஜக், அலோய் சில்லுக்குப் பூட்டு நட் போட்டிருந்தால் அதைக் கழற்றும் தனித் தலை, நவிகேஷன் வரைபடம் இருக்கும் எஸ்டி காட். கடைசியாகச் சொன்னது பயனில்லாத ஜப்பான் வரைபடம்தானே என்று பலர் தூக்கி எறிகிறார்கள். டொயோட்டாவின் பல திரைகள் அந்தக் காட் இல்லாமல் இயங்காது. பற்றரியைக் கழற்றிப் பூட்டிய பிறகு காட்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும், ரேடியோவும் இல்லை, கமெராவும் இல்லை. சில திரைகள் இலக்கக் குறியீடு ஒன்றையும் கேட்கும். ஆகவே காட்டை இருந்த இடத்திலேயே விடுங்கள், காரணம் இல்லாமல் பற்றரி முனையைக் கழற்ற விடாதீர்கள்.

அடுத்தது மீற்றர். பிரேக்கில் கால் வைக்காமல் ஸ்டார்ட் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். எஞ்சின் இயங்காமல் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரியும். அதைத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். இந்த விளக்குகள் எரிவதும் முக்கியம், அணைவதும் முக்கியம். காற்றுப்பை விளக்கு எரிந்து ஏறக்குறைய ஆறு விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. ஒருபோதும் எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம், கோளாறை மறைக்க யாரோ விளக்கைச் செத்ததாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் விளக்குக்கும் ஏபிஎஸ் விளக்குக்கும் இதே சோதனைதான், ஆனால் எஞ்சின் விளக்கு எஞ்சின் இயங்கிய பிறகே அணையும்.

பல சிறிய ஜப்பான் கார்களில் வெப்பமானியின் முள் இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு நீல விளக்கு, கொதிக்கும் எஞ்சினுக்குச் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை. சிவப்பு எரியும்போது சேதம் தொடங்கியிருக்கலாம். இதற்கு மலிவான வழி, ஸ்டேரிங்குக்குக் கீழே, காரின் கணினியைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி துவாரத்தில் செருகும் புளூடூத் கருவி. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலை தொலைபேசியில் நேரடியாகத் தெரியும். ஓடிச் சூடான எஞ்சின் 80 முதல் 95 பாகை வரை இருக்கும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிவப்பு விளக்குக்கு முன்பே நிறுத்தலாம். அக்குவா போல எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் என்றால் ‘டொக்டர் பிரியஸ்’ என்ற செயலி அதே கருவியால் மோட்டாரை ஓட்டும் பெரிய பற்றரியின் ஒவ்வொரு கட்டையின் (கலத் தொகுதியின்) மின்னழுத்தத்தையும் காட்டும். வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது, வாங்கிய பிறகானாலும் பார்த்துப் பதிந்து வையுங்கள்.

கார் இயங்கத் தொடங்கும்போது ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். பெரும்பாலும் அது அதிவேக வீதிக் கட்டணக் கருவி, அட்டை செருகப்படவில்லை என்கிறது. இங்கே அதற்கு வேலை இல்லை. வயரைக் கழற்றிவிட்டால் குரல் நிற்கும். ரேடியோ 90 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் பிடிக்காததும் கோளாறு அல்ல. ஜப்பானின் பண்பலை 76இல் தொடங்கி 90இல் முடிந்தது, எங்களுடையது 108 வரை போகிறது. அன்ரனா வயரில் இணைக்கும் சிறிய மாற்றி ஒன்று கடைகளில் கிடைக்கும்.

ஒயில் மாற்றிய ஸ்டிக்கர்களில் ஜப்பான் வருடம், அதாவது ஹெய்செய் அல்லது ரெய்வா என்ற பேரரசர் காலப் பெயரோடு வரும் ஆண்டு, எழுதியிருந்தால் அதைப் படிக்கலாம். ஹெய்செய் ஆண்டுடன் 1988ஐக் கூட்டுங்கள், ரெய்வா ஆண்டுடன் 2018ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 26 என்றால் 2014. அந்தத் திகதிக்கு எதிரே எழுதிய கிலோமீற்றர் இன்றைய மீற்றரைவிடக் கூடுதலாக இருந்தால் மீற்றர் குறைக்கப்பட்ட கார் உங்களிடம் நிற்கிறது. அப்படியானால் ஒயில், பெல்ட், பற்றரி எதற்கும் மீற்றரை நம்பாமல் பொருளின் நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

திறப்பு

ஸ்மார்ட் திறப்பின் பக்கத்தில் ஒரு சிறு தாழ் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புத் திறப்பு வெளியே வரும். அதைச் சாரதிக் கதவில் போட்டுத் திறந்து பாருங்கள். வருடக்கணக்காகத் திறக்காத துவாரத்தில் புழுதி இறுகியிருக்கும், அவசர நேரத்தில் அது சுழலாது. திறப்பின் உள்ளே இருக்கும் பற்றரியின் இலக்கத்தைப் பார்த்து அதேபோல் ஒன்று வாங்கி வையுங்கள். சி.ஆர் 2032க்கும் 1632க்கும் தடிப்பு ஒன்று, அகலம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது பிடிக்காது.

திறப்பின் பற்றரி செத்தாலும் காரை எடுக்கலாம். பிரேக்கை அழுத்தியபடி, திறப்பின் இலச்சினைப் பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொடும்படி பிடியுங்கள். ஒலி கேட்டதும் பட்டனை அழுத்துங்கள். இதை ஒரு முறை வீட்டில் செய்து பார்க்க வேண்டும், காரை ஓட்டும் மற்றவருக்கும் காட்ட வேண்டும். திறப்பைக் காருக்கு இரண்டு மீற்றருக்குள் தொங்கவிடுவது கூடாது. காரும் திறப்பும் இரவு முழுக்க ஒன்றையொன்று தேடி இரண்டின் பற்றரியும் இறங்கும். கார் நிற்கும் போர்ட்டிகோச் சுவரில் ஆணி அடித்துத் திறப்பு மாட்டும் வழக்கத்தை இந்தக் கார்களோடு விட வேண்டியதுதான்.

ஒரேயொரு திறப்புடன் கார் வந்திருந்தால், திறப்பைக் காரின் கணினியில் பதியும் கடையில் இரண்டாவதைச் செய்யும்போது பழைய பதிவுகளை அழிக்கவும் சொல்லுங்கள். தொலைந்ததாகச் சொன்ன திறப்பு எங்கோ ஒருவர் கையில் இருக்கலாம்.

கியர், ஹைபிரிட், புழுதி

அக்குவாவில் எஞ்சின் சத்தம் கேட்காது. ‘ரெடி’ என்ற பச்சை எழுத்து எரிந்தால் கார் ஓடத் தயார். ரெடி எரிய, காரை விட்டு இறங்கிப் போவது ஆபத்து. ஒரு பிள்ளை கியரைத் தட்டினாலும் கார் நகரும். கியரின் கடைசியில் இருக்கும் ‘பி’ (B) எழுத்தைப் பற்றரி ஏற்றும் கியர் என்று நினைத்து அதிலேயே ஓட்டுபவர்கள் பலர். அது எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கும் கியர், நீண்ட இறக்கத்துக்கு உரியது. வன்னியின் சமதரையில் அதில் ஓடினால் பெற்றோல்தான் கூடும். கடுகண்ணாவை இறக்கத்துக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது பாவியுங்கள்.

நியூற்றலில் பெரிய பற்றரி ஏறாது. ரயில் கடவையிலோ ஊர்வலத்துக்கோ நீண்ட நேரம் நிற்கும்போது ஏசியைப் போட்டு நியூற்றலில் விட்டால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பார்க்கிங்கில் போடுங்கள், தேவைப்படும்போது எஞ்சின் தானாக இயங்கி ஏற்றும்.

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். 2021க்கு முந்திய அக்குவாவின் பெரிய பற்றரி நிக்கல் வகை, 144 வோல்ட், பின் சீற்றின் கீழே இருக்கிறது. அது காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் குளிர்கிறது. உறிஞ்சும் சல்லடை பின் சீற்றின் அடியில், கால் வைக்கும் பக்கமாக இருக்கும். அந்த இடத்தைச் சீற் உறை மூடும், பை மூடும், கடைக்கு வாங்கிய அரிசி மூட்டை மூடும். மூடாவிட்டாலும் கிரவல் புழுதி உள்ளே போய் விசிறியின் இதழ்களில் படியும். விசிறி சுழலும், காற்று வராது. பற்றரி சூடாகும், ஒரு கட்டை பலவீனப்படும், பிறகு மீற்றரில் சிவப்பு முக்கோணம் எரியும். ‘ஹைபிரிட் பற்றரி போய்விட்டது’ என்று இங்கே சொல்லப்படும் கதைகளில் நிறையவற்றின் தொடக்கம் இந்தப் புழுதிதான்.

சல்லடையைத் துப்புரவாக்குவது உங்களால் முடியும். காரை முழுதாக நிறுத்தி, மூடியின் கிளிப்புகளை விரலால் நெம்பி எடுத்து, வலையைத் தூசி உறிஞ்சியால் இழுத்து, மென்மையான பிரஷால் துடைத்து மீண்டும் பூட்டலாம். காற்றடிக்கும் குழாயை உள்நோக்கிப் பிடிக்காதீர்கள், புழுதி நேரே பற்றரிக்குள் போகும். வலையைத் தாண்டி விசிறியில் புழுதி தெரிந்தால் அது ஹைபிரிட் வேலை தெரிந்தவருக்கு விட வேண்டிய வேலை. செம்மஞ்சள் நிற வயர்கள் உள்ள எந்த இடத்திலும் கை வைக்க வேண்டாம். கிரவல் வீதியில் தினமும் ஓடும் கார் என்றால் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் சல்லடையைப் பாருங்கள். புழுதி வீதியில் கண்ணாடிகளை இறக்கி ஓடும் பழக்கம் ஹைபிரிட் காருக்கு உதவாது. கண்ணாடியை ஏற்றி, ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் விடுங்கள்.

வெகன் ஆரின் தொழில்நுட்பம் வேறு. அதில் சிறிய லிதியம் பற்றரி உதவிக்கு மட்டும் இருக்கிறது, காரைத் தனியே தூரம் ஓட்டாது. 2012இல் வந்த எம்.எச். 34எஸ் வகையிலும் அதன் பின் வந்த பலவற்றிலும் பிரேக் பிடித்து வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கும்போதே, கார் இன்னும் உருண்டுகொண்டிருக்க, எஞ்சின் நின்றுவிடும். புதிதாக வாங்கியவர் கார் செத்துவிட்டதென்று பயந்து திறப்பைத் தேடுவார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக இயங்கும். அம்புக்குறிக்குள் ஆங்கில ‘ஏ’ எழுத்துப் போட்ட பட்டனை அழுத்தினால் இந்த வசதி அந்த ஓட்டத்துக்கு நிற்கும். சந்தை நாளில் கிளிநொச்சி நகருக்குள் நின்று நின்று ஊர்வதென்றால் நிறுத்தி வைப்பது நல்லது, நீண்ட ஏ9 ஓட்டத்தில் அது குறுக்கே வருவதே குறைவு. ஒருநாள் இந்த வசதி தானாக வேலை செய்யாமல் விட்டால் மகிழ வேண்டாம். முன்பக்க ஈயப் பற்றரி பலவீனமாகிவிட்டது என்பதன் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுவே. அங்கே எஞ்சின் நின்று இயங்கும் கார்களுக்கென்று செய்த பற்றரியே போட வேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பற்றரி போட்டால் சில மாதங்களில் மறுபடி கடைக்குப் போவீர்கள்.

அக்குவாவின் சிறிய 12 வோல்ட் பற்றரியும் பொனட்டுக்குள் இல்லை, பின் சீற்றின் கீழே இருக்கிறது. அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் எழும்பாது, ஏனென்றால் கணினிகளை எழுப்புவது சிறிய பற்றரி. பொனட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால் சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கும். சிவப்பு வயரை அதில், கறுப்பு வயரை எஞ்சின் பக்கத்து வெறும் இரும்பில் கொடுத்தால் போதும். எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் மோட்டார் சைக்கிளுக்குப் பாவிக்கும் நல்ல பற்றரிகூடச் சில வேளை எழுப்பிவிடும். மாறி மட்டும் செய்யாதீர்கள், ஹைபிரிட் காரிலிருந்து லொறிக்கோ உழவு இயந்திரத்துக்கோ மின் கொடுத்தால் விலை உயர்ந்த மின் மாற்றி (கொன்வேர்ட்டர்) எரியும்.

வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருப்பவர்களின் கார்கள் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கின்றன. வாரத்தில் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். முடிந்தால் வீதியில் எடுத்து ஓடுங்கள், பிரேக் தட்டுகளில் துரு பிடிக்காது. நிற்கும் காருக்கு இன்னொரு எதிரி எலி. வயல் வெட்டு முடிந்ததும் வீட்டுப் பக்கம் வரும் எலிகள் பொனட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கொறிக்கும். வாரம் ஒரு முறை பொனட்டைத் திறந்து பார்ப்பதும், மாட்டுத் தீனிச் சாக்குக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாமல் விடுவதும் பல ஆயிரம் ரூபாயைக் காக்கும்.

தண்ணீர், ஒயில், ஏசி

ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பழைய லொறிகளிலிருந்து வந்தது. வன்னிக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் காய்ச்சி வந்தால் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது. அதே பொருக்கு ரேடியேற்றரின் ஊசித் துளைகளிலும் எஞ்சினுக்குள்ளும் படியும். அலுமினியத்தை அரிக்கும். இங்கே குளிர் இல்லை, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். கூலண்ட் உறையாமல் காப்பதோடு கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. எங்களுக்குத் தேவைப்படுவது பின்னவை இரண்டும். டொயோட்டாவில் இளஞ்சிவப்பு நிறக் கூலண்ட் இருக்கும், தண்ணீர் கலந்தே வருவதை அப்படியே ஊற்ற வேண்டும். நிறம் மாறிக் கலந்து ஊற்றினால் சேறு கட்டும் அபாயம் உண்டு. வழியில் வேறு வழியே இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர், அதுவும் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். வீடு வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள்.

அக்குவாவில் கூலண்ட் தொட்டி இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பெரிய பற்றரியின் மின்னை மோட்டாருக்கு மாற்றும் இன்வேர்ட்டருக்கு. இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் இரண்டும் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். கூலண்ட் குறைந்துகொண்டே போனால் நிரப்புவது மருந்தல்ல, கசிவைத் தேட வேண்டும்.

எஞ்சின் ஒயிலுக்கு 0டபிள்யூ-20 என்று மூடியிலேயே எழுதியிருந்தால் அதுதான். அக்குவாவுக்கு ஃபில்டரோடு 3.7 லிற்றர் அளவில் பிடிக்கும். 4 லிற்றர் கானை முழுவதும் கவிழ்ப்பது பிழை, ஒயில் அளவுக் கோலை இழுத்துப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். கியர் ஒயிலில் பிழைவிட்டால் சேதம் பெரிது. அக்குவாவின் கியர்ப் பெட்டிக்கு டொயோட்டாவின் டபிள்யூ.எஸ் ஒயில். சிவிடி என்ற படிகளில்லாத ஓட்டோ கியர் உள்ள விட்ஸ், வெகன் ஆர், நிசான் கார்களுக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிச் சிவிடி ஒயில். ‘எல்லா ஓட்டோ கியருக்கும் இது சரி’ என்று ஒரு கான் காட்டினால் அந்தக் கராஜில் கியர் ஒயில் மாற்றாமல் விடுவதே மேல். பாகம் வாங்க வவுனியாவுக்கோ கொழும்பின் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கோ தொலைபேசி எடுக்கும்போது கார்ப் பெயர் மட்டும் போதாது. பொனட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதிரிக் குறியீடு, எஞ்சின், கியர், பெயின்ற் நிற இலக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன.

ஏசி குளிர் குறைந்தால் உடனே காஸ் அடிக்கச் சொல்வார்கள். அதற்கு முன் உள் ஃபில்டரைப் பாருங்கள். டாஷ்போட் பெட்டியை வெறுமையாக்கி, பக்கத்தில் இருக்கும் சிறு கோலைக் கழற்றி, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் பெட்டி கீழே இறங்கும். பின்னால் நீள்சதுர மூடி, அதன் உள்ளே ஃபில்டர். புழுதி வீதிக் கார்களில் இது சாக்குத் துணி நிறத்தில் இருக்கும், சருகும் எலி மயிரும் இருக்கும். அம்புக்குறி இருந்த திசையிலேயே புதியதைப் போடுங்கள். இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகும் குளிர் இல்லையென்றால்தான் காஸ். காரின் அடியிலிருந்து ஏசி ஓடும்போது தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் உள்ளே கால் விரிப்பு நனைந்தால் வடிகுழாய் மண்ணால் அடைத்திருக்கிறது.

சில்லு

சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ரயர்க் காற்றின் அளவு ஒட்டியிருக்கும். எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கும். கிலோபாஸ்கலில் இருப்பதை 6.9ஆல் பிரித்தால் காற்றடிக்கும் கடையின் பி.எஸ்.ஐ கிடைக்கும். 230 என்றால் 33, 250 என்றால் 36. கடைக்காரர் எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடிக்கிறார், நீங்கள் இலக்கத்தைச் சொல்லுங்கள். ரயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தனியாக ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. தடம் நன்றாக இருந்தும் வயது போன ரயர் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள்.

பின்பக்க விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றம், மேலதிகச் சில்லு இல்லை. ஒரு பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும் மட்டும். போத்தலில் காலாவதித் திகதி உண்டு, 2014இல் வந்த காரின் போத்தல் எப்போதோ காலாவதி. பசை ஆணித் துளைக்கு உதவும், கிரவல் கல் கிழித்த பக்கச் சுவருக்கு உதவாது. வன்னியில் மேலதிகச் சில்லு இல்லாமல் ஓடுவதை நாங்கள் ஏற்கவில்லை. அக்குவாவுக்கும் வெகன் ஆருக்கும் நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம். இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்காமல், உங்கள் ரயரின் வெளிச்சுற்றுக்கு அண்மையான சில்லைத் தேடி, முன்னாலும் பின்னாலும் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய தற்காலிகச் சில்லு என்றால் அதற்கு 60 பி.எஸ்.ஐ காற்று, வேகம் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது.

பிறகு முற்றத்திலேயே ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டுங்கள். டொயோட்டாவுக்கு 21 மில்லிமீற்றர், சுசுகிக்கு 19 மில்லிமீற்றர் சாவி. கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டைக் கைச் சாவியால் அசைக்கவே முடியாது என்பது அப்போது தெரியும். டொயோட்டாவின் அளவு 103 நியூட்டன் மீற்றர், ஒரு சாதாரண ஆள் கைச்சாவியில் உறுதியாக அழுத்தும் பலம்தான். ஜக் வைக்கும் இடம் பக்க விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே. வேறெங்கு வைத்தாலும் தகடு நெளியும். மணல் தரையில் ஜக்கின் கீழ் ஒரு பலகைத் துண்டு தேவை, அதைக் காரிலேயே வைத்திருங்கள்.

அக்குவாவின் அடி தரையிலிருந்து 140 மில்லிமீற்றர் மட்டுமே. கிரவல் வீதியின் நடு மேடு அடியைத் தட்டும். இரு சில்லுத் தடத்துக்குள் ஓடாமல் ஒரு சில்லை மேட்டில் ஏற்றி ஓடுங்கள். மாரியில் மதகின் மேல் தண்ணீர் ஓடினால் இந்தக் காரோடு கடக்க வேண்டாம்.

ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள், ஆகவே முன் விளக்கின் ஒளிக்கோலம் எங்களுக்குப் பொருந்தும். ஸ்டேரிங்குக்கு அருகே 0 முதல் இலக்கமிட்ட சிறு சில்லு ஒன்று இருந்தால் அது ஒளியின் உயரம். தனியே ஓடும்போது 0. பின்னால் ஆட்களும் மூட்டைகளும் இருந்தால் இலக்கத்தைக் கூட்டுங்கள், ஒளி கீழே இறங்கும். இரவில் ஏ9இல் படுத்திருக்கும் மாடுகள் இறக்கிய ஒளியில் தாமதமாகத்தான் தெரியும். வேகத்தை ஒளியின் தூரத்துக்குள் வையுங்கள். யானை குறுக்கே நின்றால் ஹோர்ன் அடிக்காமல், ஒளியைத் தாழ்த்தி, தூரத்திலேயே நின்று வழி விடுங்கள். திருப்பி எடுக்கும் இடம் தெரியாமல் கிட்டப் போவதே பிழை.

இன்னொன்று அவசரமானது. 2000களின் தொடக்கத்திலிருந்து 2010களின் நடுப்பகுதி வரை வந்த பல ஜப்பான் கார்களில் தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் அமோனியம் நைத்திரேற்று வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை ஆள்மேல் வீசக்கூடும். வெப்ப நாடுகளில் அபாயம் கூட. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் இதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. ஜப்பான் நிறுவனங்களின் இணையத்தளங்களில் சசி இலக்கத்தைப் போட்டால் உங்கள் காருக்கு அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று தெரியும். பக்கம் ஜப்பான் மொழி, கமெரா மொழிபெயர்ப்பே போதும். நிலுவையில் இருந்தால் அந்த நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் கேளுங்கள். மாற்றும் வரை முன் சீற்றில் யாரையும் ஏற்றாமல் விடுவது நல்லது.

கடதாசி வேலை குறுகியது. கார் கை மாறிய 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். திகதியில்லாமல் ஒப்பமிட்ட படிவங்களோடு காரை வருடக்கணக்கில் ஓட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. விபத்து நடந்த அன்று அந்தக் காருக்கு உரிமையாளர் நீங்கள் அல்ல, காப்புறுதியும் உங்கள் பெயரில் இல்லை. புகைச் சான்றிதழும் வரிப் பத்திரமும் எப்போது முடிகின்றன என்பதைத் தொலைபேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.